"இத்தனை வருஷம் ஏன் சும்மா இருந்தீங்க?" – குமரி மாவட்டத்து மணமுறிவும் தாமதம் என்ற குற்றச்சாட்டும்

கொடுமையைக் காரணம் காட்டி மணமுறிவு கேட்கும் வழக்குகளில், குறுக்கு விசாரணையில் தவறாமல் வரும் கேள்வி ஒன்று உண்டு. "கல்யாணம் ஆன மறு வருஷமே அடிச்சாருன்னு சொல்றீங்க. அப்ப இத்தனை வருஷம் ஏன் சும்மா இருந்தீங்க?"

தோவாளைப் பக்கத்தில் எனக்கு ஒரு அத்தை இருந்தாள். தூரத்து உறவுதான். 1971-ல் கல்யாணம். 1989-ல்தான் வக்கீலைப் பார்க்கப் போனாள். பதினெட்டு வருஷம். இந்தக் கேள்வியை அவளிடம் கேட்காத ஆளே கிடையாது: வக்கீல் கேட்டார், சொந்தக்காரர்கள் கேட்டார்கள், விவரம் தெரியாத வயதில் நானும் கேட்டேன். "எங்க போய் நிக்க மக்கா? தங்கச்சி ஒருத்தி கட்டாம இருந்தா. பொறவு அப்பாவுக்கு சொகமில்லாம ஆச்சு. பொறவு ஒனக்க மச்சினி பத்தாங்கிளாஸு" என்றாள். அவ்வளவுதான் பதில்.

சட்டத்துக்கும் நாஞ்சில் நாட்டுக்கும் உள்ள பழைய தொடர்பைப் பற்றிக் குறிப்புகள் எடுத்துக்கொண்டிருந்தபோது அந்தக் கேள்வி திரும்பவும் நினைவுக்கு வந்தது. கேட்பது வக்கீலின் வாய் என்றாலும் கேள்வி சட்டத்தினுடையது. அது எங்கிருந்து வந்தது, இந்த மாவட்டத்தில் யார் யாரிடம் கேட்கப்பட்டது, யாரிடம் கேட்கப்படவே இல்லை என்று பார்க்கலாம்.

சட்டத்தில் எங்கே இருக்கிறது?

முதலில் ஒரு பொதுவான தப்பெண்ணத்தைத் தீர்த்துவிடலாம். "மூணு வருஷத்துக்குள்ள போடணும், இல்லன்னா கேஸ் நிக்காது" என்று பலர் சொல்வார்கள். அது மணமுறிவு வழக்குக்குப் பொருந்தாது. 1963-ஆம் வருஷத்துக் காலவரையறைச் சட்டத்தின் 29(3)-ஆம் பிரிவு, திருமணம், மணமுறிவு பற்றிய சட்டங்களின் கீழ் வரும் வழக்குகளைத் தன் எல்லைக்கு வெளியே வைத்துவிட்டது. கடனுக்கு வழக்குப் போடக் கெடு உண்டு, கொடுமைக்கு மணமுறிவு கேட்கக் கெடு கிடையாது.

ஆனால் வேறு ஒன்று உண்டு. 1955-ஆம் வருஷத்து இந்து திருமணச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, எதிர்த்தரப்பு வாயே திறக்காவிட்டாலும் நீதிபதி தானே திருப்தி அடைய வேண்டிய விஷயங்கள் என்று ஒரு பட்டியல் தருகிறது. அதில் இரண்டு இங்கே முக்கியம். ஒன்று, கொடுமை என்றால் மனுதாரர் அதை எந்த வகையிலும் மன்னித்திருக்கக் கூடாது. இரண்டு, வழக்குப் போடுவதில் தேவையற்ற, முறையற்ற தாமதம் இருக்கக் கூடாது. எத்தனை வருஷம் போனால் முறையற்றது என்று சட்டம் சொல்லவில்லை. விளக்கம் சொல்லி நீதிபதியை ஏற்க வைத்தால் பத்து வருஷத் தாமதமும் தாமதமல்ல. விளக்கம் இல்லாவிட்டால் இரண்டு வருஷமே அதிகம்தான்.

இந்த யோசனை நம் ஊரில் பிறந்ததல்ல. 1857-ல் இங்கிலாந்தில் மணமுறிவு வழக்குகளை மதச்சபை நீதிமன்றங்களிடமிருந்து எடுத்துச் சாதாரண நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்த சட்டத்திலேயே அநியாயத் தாமதம் ஒரு தடையாக இருந்தது. நிஜமாகவே பாதிக்கப்பட்டவர் உடனே வருவார், காத்திருந்து வருகிறவர் மனதில் வேறு கணக்கு இருக்கும் என்ற சந்தேகம்தான் அதற்கு அடிப்படை. அதே தடை 1869-ஆம் வருஷத்து இந்திய மணமுறிவுச் சட்டத்தின் 14-ஆம் பிரிவாகக் கிறிஸ்தவர்களுக்கு வந்தது. அங்கிருந்து 1955-ல் இந்துக்களின் சட்டத்துக்குள்ளும் ஏறியது. இங்கிலாந்தோ 1969-ல் மணமுறிவுச் சட்டத்தைத் திருத்தியபோது தாமதம், மன்னிப்பு என்ற இரண்டு தடைகளையும் எடுத்துவிட்டது. நாம் இரண்டையும் இன்னும் வைத்திருக்கிறோம்.

கேள்வி கேட்கப்படாத காலம்

இனி நாஞ்சில் நாட்டுக்கு வருவோம். அகஸ்தீஸ்வரம், தோவாளை தாலுகாக்கள்தான் பழைய நாஞ்சில் நாடு. 1956 நவம்பர் 1 வரை, முதலில் திருவிதாங்கூர், பிறகு திருவிதாங்கூர்-கொச்சி. இங்குள்ள வேளாளர்களில் பெரும்பகுதியினர் மருமக்கள்வழி. அப்பன் சொத்து மகனுக்குப் போகாது, சகோதரியின் மகனுக்குப் போகும்.

ஆனால் நாயர் தறவாட்டுப் பெண்ணுக்கும் நாஞ்சில் வேளாளப் பெண்ணுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. நாயர் பெண் பெரும்பாலும் தன் தாய்வீட்டிலேயே இருப்பாள், புருஷன்தான் வந்துபோவான். நாஞ்சில் வேளாளப் பெண் புருஷன் வீட்டுக்குப் போய் வாழ வேண்டும். அங்கே ஆட்சி மாமியாரிடம், சொத்து காரணவரிடம், வாரிசு மருமகனிடம். அவளுக்கும் பிள்ளைகளுக்கும் உகந்துடைமை, நங்குடைமை என்ற பெயர்களில் ஒரு சின்னப் பங்கும் ஜீவனத்துக்கான ஏற்பாடும் உண்டு. அதுவும் கேட்டு வாங்க வேண்டியது.

தேரூரில் 1876-ல் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை 'நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்' எழுதியது இதைப் பற்றித்தான். ஒரு காரணவருக்கு ஐந்தாம் மனைவியாக வந்தவள் தன் கதையைச் சொல்வதுபோல அமைந்த அங்கத நூல் அது. இதழில் தொடராக வந்து, பிறகு 1942-ல் புத்தகமானது. அதில் 'மாமி அரசியற் படலம்' என்றே ஒரு பகுதி உண்டு, 'கோடேறிக் குடிமுடித்த படலம்' என்று இன்னொன்றும் உண்டு. கோடு என்றால் இங்கே கோர்ட்டு. இன்றைய வக்கீல் அந்த நூலைப் படித்தால் கொடுமை என்ற தலைப்பின் கீழ் ஒரு மனுவே தயாரித்துவிடலாம்.

ஆனால் அந்தக் காலத்தில் பிரிவதற்கு அப்படி ஒரு மனு தேவைப்படவில்லை. நாஞ்சில் நாட்டு வேளாளரிடம் பிரிவு உண்டு, மறுமணமும் உண்டு. பிரிவுக்கு எழுதும் பத்திரத்துக்கு விடுமுறி என்று பெயர். முறி என்றால் இந்தப் பக்கத்தில் பத்திரம். ஊர்க்காரர்கள் நாலு பேர் இருந்து பேசி, கொடுக்கல் வாங்கலைத் தீர்த்து எழுதுவார்கள். அந்தப் பேச்சில் முக்கியமானது என்ன கொடுக்கணும், என்ன வாங்கணும் என்பதுதான். எத்தனை வருஷம் பொறுத்தாய் என்ற கணக்குக்கு அங்கே வேலை இல்லை.

இந்த வழக்கங்கள் பிறகு சட்டமாகின. திருவிதாங்கூரில் 1925-ல் நாயர் சட்டம், அடுத்து கொல்லம் 1101-ல், அதாவது 1926-ல், நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்தன. பிந்தையது வந்த பிறகுதான் மருமக்கள்வழி குலைந்து மக்கள்வழிக்கு வாசல் திறந்தது. பக்கத்து பிரிட்டிஷ் மலபாருக்கு 1932-ல் வந்த சென்னை மருமக்கத்தாயச் சட்டத்தைப் படித்தால் அன்றைய சட்ட மனநிலை தெளிவாகத் தெரியும். அதில் மணத்தை முறிக்க இரண்டு வழிகள். இருவரும் சேர்ந்து ஒரு பத்திரம் எழுதிப் பதிவு செய்யலாம். இல்லாவிட்டால் ஒருவர் மட்டும் நீதிமன்றத்தில் மனு கொடுக்கலாம். மனுவை எதிர்த்தரப்புக்குச் சேர்ப்பித்த பிறகு ஆறு மாதம் பொறுப்பார்கள். அதற்குள் மனுவைத் திரும்பப் பெறாவிட்டால் மணம் முறிந்தது. கொடுமையை நிரூபிக்க வேண்டாம், காரணமே சொல்ல வேண்டாம். காரணம் கேட்காத இடத்தில் தாமதம் என்ற கேள்விக்கும் இடமில்லை.

இதை வைத்து 'அந்தக் காலம் பொற்காலம்' என்று சொல்ல வரவில்லை. கவிமணியின் கதைசொல்லி ஐந்தாம் மனைவி என்பதை மறக்கக் கூடாது. சுலபமான பிரிவு பெண்ணைக் காப்பாற்றியதோ இல்லையோ, ஆணுக்கு நன்றாகவே உதவியது. நான் சொல்ல வருவது சின்ன விஷயம். பொறுத்துப் போனதே குற்றம் என்ற எண்ணம் இந்த மண்ணின் வழக்கத்தில் இல்லை, அது வெளியிலிருந்து வந்து ஏறியது.

1955-ஆம் வருஷத்துச் சட்டமும் பழையதை முழுதாக அழிக்கவில்லை. அதன் 29(2)-ஆம் பிரிவு, வழக்கத்தாலோ சிறப்புச் சட்டத்தாலோ மணமுறிவு பெறும் உரிமை இருந்தால் அது தொடரும் என்கிறது. ஏட்டில் அந்தக் கதவு திறந்தேதான் இருந்தது. ஆனால் விடுமுறி எழுத உட்காரும் அந்த நாலு பேர் மெல்ல மெல்ல இல்லாமல் போனார்கள்.

சட்டமே பொறுக்கச் சொன்ன காலம்

1955-ன் சட்டம் வந்தபோது, கொடுமை மணமுறிவுக்கே காரணமாக இருக்கவில்லை. அதைக் காட்டி நீதிமன்றப் பிரிவினை மட்டுமே வாங்கலாம். தீர்ப்பு வாங்கி, அதற்குப் பிறகு இரண்டு வருஷம் சேர்ந்து வாழாமல் இருந்தால்தான் மணமுறிவுக்குப் போகலாம். தவிர, கல்யாணமாகி மூன்று வருஷம் முடியாமல் மணமுறிவு மனுவே கொடுக்க முடியாது, மிக அசாதாரணமான கஷ்டம் என்றால் நீதிமன்றம் தனியாக அனுமதிக்கணும். 1976-ல் திருத்தம் வந்து கொடுமை நேரடிக் காரணமானது, மூன்று வருஷம் ஒரு வருஷமானது.

அதாவது, என் அத்தை 1971-ல் கல்யாணமாகி மறு வருஷமே ஓடிவந்து மனுக் கொடுத்திருந்தால், "இன்னும் மூணு வருஷம் ஆகல்ல, அதோட கொடுமைக்கு டைவர்ஸே கிடையாது" என்றுதான் பதில் வந்திருக்கும். முதல் ஐந்து வருஷம் அவள் பொறுத்ததற்குச் சட்டமே காரணம். அந்தக் கணக்கை யாரும் அவளிடம் சொல்லவும் இல்லை, அவளுக்காகச் சொல்லவும் இல்லை.

தீர்ப்புகளிலும் ஒரு முரண் இருக்கிறது. 1975-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்த தஸ்தானே வழக்கில் மனு கொடுத்தவர் கணவர். கொடுமை நடந்தது என்று நீதிமன்றம் ஏற்றது. ஆனால் அதற்குப் பிறகும் தம்பதிகள் இயல்பாகச் சேர்ந்து வாழ்ந்து மனைவி கருவுற்றதால், கணவர் மன்னித்துவிட்டார் என்று மனு தள்ளுபடி ஆனது. மன்னித்த கொடுமை பிறகு வேறு தவறு நடந்தால் திரும்ப உயிர்பெறும் என்றும் அந்தத் தீர்ப்பு சொல்கிறது. இந்த அளவுகோலை ஒரு மனைவியின்மீது வைத்துப் பாருங்கள். போக இடமில்லாதவள் அதே வீட்டில்தான் இருப்பாள், அதே அடுக்களையில்தான் பொங்குவாள், பிள்ளையும் பெறுவாள். அவள் மன்னித்தாளா, மாட்டிக்கொண்டாளா என்று வெளியே இருந்து எப்படிச் சொல்வது?

2007-ல் சமர் கோஷ் வழக்கில் உச்ச நீதிமன்றம் மனக்கொடுமைக்குச் சில அடையாளங்களைத் தொகுத்துக் கொடுத்தது. அன்றாடச் சண்டை போதாது, வருஷக்கணக்கில் அங்கொன்றும் இங்கொன்றும் நடந்தவை போதாது, நடத்தை கணிசமான காலம் விடாமல் நீடித்திருக்கணும் என்பது அதில் ஒன்று. நியாயமான அளவுகோல்தான். ஆனால் இதையும் 23-ஆம் பிரிவையும் சேர்த்து வாசித்தால் என்ன ஆகிறது? சீக்கிரம் வந்தால் "இது சாதாரணச் சண்டை, அனுசரிச்சுப் போங்க." நீண்ட காலம் பொறுத்து வந்தால் "ஏன் இவ்வளவு தாமதம்?"

களியக்காவிளைக்கு இந்தப் பக்கம்

குமரி மாவட்டத்தில் 2011 கணக்கெடுப்பின்படி மக்களில் 46 சதவீதத்துக்கும் மேல் கிறிஸ்தவர்கள். அவர்கள் கதை இதைவிட மோசம்.

1869-ஆம் வருஷத்துச் சட்டத்தில், கணவனுக்கு மனைவியின் சோரம் ஒன்றே மணமுறிவுக்குப் போதும். மனைவிக்கோ கொடுமை மட்டும் போதாது. கணவன் சோரம் போயிருக்கணும், அதோடு கொடுமையும் சேர்ந்திருக்கணும், அல்லது இரண்டு வருஷம் கைவிட்டிருக்கணும். வெறும் அடி உதைக்கு நீதிமன்றப் பிரிவினை மட்டுமே கிடைக்கும், மறுமணம் முடியாது.

1995-ல் கேரள உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு இது பாகுபாடு என்று சொல்லி, கொடுமை மட்டுமே போதும் என்று வழிதிறந்தது. அது கேரள நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தும் தீர்ப்பு. பாறசாலையில் இருக்கும் கிறிஸ்தவப் பெண் அதை வைத்துக் கேட்கலாம். களியக்காவிளை தாண்டி இந்தப் பக்கம் இருக்கும் அவள் சித்தி மகள் சென்னை உயர் நீதிமன்றத்தின் எல்லைக்குள் இருக்கிறாள். பேச்சு ஒன்று, சபை ஒன்று, சாப்பாடு ஒன்று, ஆனால் நீதிமன்றம் வேறு. 2001-ல் பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்திய பிறகுதான் நாடு முழுக்கக் கொடுமை தனிக் காரணமானது. கணவன் மனைவி இருவரும் ஒத்துக்கொண்டு பிரியும் வழியும் கிறிஸ்தவர்களுக்கு அப்போதுதான் வந்தது.

ஒரு கணக்குக்காக, 1975-ல் மார்த்தாண்டத்தில் கல்யாணமாகி அடுத்த வருஷத்திலிருந்து அடி வாங்கிய பெண் ஒருத்தியை நினைத்துக்கொள்ளுங்கள். கொடுமை என்ற ஒரே காரணத்தை வைத்து மணமுறிவு கேட்க, எழுதிய சட்டப்படி அவள் 25 வருஷம் காத்திருந்தாக வேண்டும். 1869-க்கும் 2001-க்கும் இடையே 132 வருஷம். அவ்வளவு காலம் எடுத்துக்கொண்ட சட்டம் அவளிடம் அநியாயத் தாமதம் பற்றிப் பேசுகிறது.

இதோடு தூரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். திருவிதாங்கூர் காலத்தில் நாகர்கோவில்காரனுக்கு உயர் நீதிமன்றம் திருவனந்தபுரம், காலையில் போய்விட்டு ராத்திரி வீட்டுக்கு வந்துவிடலாம். 1949-க்குப் பிறகு எறணாகுளம். 1956-க்குப் பிறகு சென்னை, 700 கிலோமீட்டர் அளவு. 2004 ஜூலையில் மதுரைக் கிளை திறக்கும்வரை, 48 வருஷம், மேல்முறையீடு என்றால் ரயிலேறி மதராஸ்தான். கையில் ஒரு காசில்லாத பெண் எத்தனை தடவை போக முடியும்? "கேஸ் போட்டா அவன் மேல்கோர்ட்டுக்குப் போவான், உன்னால தாங்க முடியாது" என்று சொந்தக்காரர்களே பயமுறுத்துவார்கள்.

அத்தையின் மனு

அத்தைக்கு அன்று கிடைத்த ஆலோசனை இதுதான்: பழசையெல்லாம் எழுத வேண்டாம், கடைசி ரெண்டு வருஷத்தில் நடந்ததை மட்டும் எழுதலாம், பழசை எழுதினால் 'ஏன் அப்பவே வரல்ல' என்று கேட்பார்கள். அன்றைய சட்டப்படி அதைத் தப்பான ஆலோசனை என்று சொல்ல முடியாது. மனுவில் பதினெட்டு வருஷம் இரண்டு வருஷமாகச் சுருங்கியது. கை ஒடிந்தது, நகை அடகுபோனது எல்லாம் அதில் இல்லை. மிச்சம் இருந்தது ரெண்டு சண்டை. "இதெல்லாம் எல்லா வீட்டிலேயும் உள்ளதுதானே" என்று எதிர்த்தரப்பு சொல்ல வசதியாகிவிட்டது.

தாமதம் என்ற விதியின் பெரிய தீங்கு வழக்கைத் தோற்கடிப்பது மட்டுமல்ல, நடந்ததை நடந்தபடி சொல்ல விடாமல் செய்வதும்தான் என்று அவள் கதையிலிருந்து எனக்குப் புரிந்தது.

வழக்கு முடியவே இல்லை. இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் பேசி, அவள் தனியாக இருக்கலாம் என்று வாய்வார்த்தையில் முடித்தார்கள். மனு திரும்பப் பெறப்பட்டது. பத்திரம் ஒன்றும் எழுதவில்லை. மனைவியும் இல்லை, விலகியவளும் இல்லை, ஊர் வாயில் வாழாவெட்டி. அவள் பாட்டி காலத்தில் அதே தோவாளையில் ஒரு விடுமுறி கிடைத்திருக்கும்.

அந்தக் கேள்விக்கு அவளிடம் பதில் இல்லாமல் இல்லை. தங்கச்சி கல்யாணம், அப்பாவின் சீக்கு, தம்பி கல்யாணம், மகளின் பரீட்சை. மூத்தவள் வாழாமல் வந்து நின்றால் இளையவளைக் கேட்டு யாரும் வரமாட்டார்கள் என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. கொண்டுபோன பவுன் அந்த வீட்டுப் பெட்டியில் இருக்கிறது, படி இறங்கினால் அதை மறந்துவிட வேண்டியதுதான். இவற்றைத் தேவையற்ற காரணங்கள் என்று யார் சொல்ல முடியும்? சட்டம் கேட்பதும் 'தேவையற்ற' தாமதம் இருந்ததா என்றுதானே.

நீதிமன்றங்களுக்கு இது தெரியாது என்று சொல்ல மாட்டேன். கணவன் வீட்டுக் கொடுமைக்கான குற்றவியல் வழக்கில், 2024 வரை நடைமுறையில் இருந்த 498ஏ பிரிவுக்கு, மூன்று வருஷக் கெடு இருந்தது. 1993-ல் உச்ச நீதிமன்றம் அந்தக் கெடுவை இயந்திரம்போல வைத்துப் பார்க்கக் கூடாது, பெண்கள் கடைசி வழியாகத்தான் நீதிமன்றத்துக்கு வருகிறார்கள், நியாயத்துக்காகத் தாமதத்தைப் பொறுக்கலாம் என்று சொன்னது. சொன்ன வருஷத்தில் அத்தைக்கு வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. செய்தித்தாளில் வந்திருந்தாலும் அவள் பார்த்திருக்க மாட்டாள்.

இதைப் படிக்கும் யாருக்காவது உபயோகப்படும் என்றால் இரண்டு விஷயம். தாமதத்தை மறைக்க வேண்டாம். எந்த வருஷம் என்ன நடந்தது, ஏன் அப்போது வர முடியவில்லை, யார் சமாதானம் பேசினார்கள், எத்தனை தடவை திரும்பப் போனீர்கள் என்று தேதிவாரியாக எழுதிக் கொடுங்கள். விளக்கப்பட்ட தாமதம் தடையல்ல. இரண்டாவது, 1987-ஆம் வருஷத்துச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆம் பிரிவுப்படி, வருமானம் எவ்வளவு என்றாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே விசாரித்துத் தெரிந்துகொள்ளலாம்.

அத்தை போய்ச் சில வருஷமாகிறது. மகளைப் படிக்க வைத்து வேலைக்கு அனுப்பினாள். அந்த மகள் கல்யாணத்துக்கு முந்தின நாள் ராத்திரி அத்தை அவளிடம் சொன்னதை நான் பக்கத்தில் இருந்து கேட்டேன். "அடிச்சாமுன்னா அன்னைக்கே பொறப்பட்டு வந்துரு மக்கா. பொறவு பாத்துக்கிடலாமுன்னு இருக்காத."